பன்னிரண்டாவது மக்

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே குளிக்கிறவர் எத்தனை மக் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார் என்று காதாலேயே எண்ணுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டெய்லரம்மா பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு போயிற்றா, இருபத்தாறு வருஷமாக அந்த ஆளுக்குப் பெண்டாட்டியாகவும் இருந்து தொலைத்திருக்கிறாள்.

"ஒம்போது... பத்து... பதினொண்ணு..." என்று கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்கும். பன்னிரண்டாவது மக் தோளிலிருந்து வழிந்து தரையைத் தொடுவதற்குள் கதவில் இரண்டு தட்டு விழும். "போதும், தொடச்சிக்கிட்டு வா." காதுக்குப் பின்னால் சோப்பு மிச்சம் இருந்தால் இருக்கட்டும், துண்டு எதற்கு இருக்கிறது? இதுதான் அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்க மட்டும் பதினாறு மக். அதற்கும் சனிக்கிழமையே சொல்லி வைக்க வேண்டும். அந்தப் பதினாறில் அவள் கூந்தலிலிருந்து ஷாம்பு முழுசாகப் போனதாகச் சரித்திரமே கிடையாது. வாரம் பூராவும் சொறிந்துகொண்டே தையல் மெஷினை மிதிப்பாள்.

அவர் குளிக்கும்போது யார் எண்ணுவது? மகள் பத்து வயசில் ஒரு தடவை எண்ணிவிட்டாள். இருபத்தொன்று வந்தது. "அப்பா, நீங்க இருபத்தொண்ணு" என்று குழந்தை சந்தோஷமாகச் சொல்ல, "எனக்கு உடம்பு பெருசு" என்று பதில் வந்தது. அதோடு அந்தக் கணக்கு முடிந்தது.

தண்ணீரை மிச்சம் பிடிப்பது நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? அந்த நாலு மாடிக் கட்டடத்தில் தண்ணீர் தாராளமாக வந்த நாள் கிடையாது. டெய்லரம்மாவும் துணி அலசின தண்ணீரில்தான் தரை துடைப்பாள். ஆனால் அவள் அதைத் தம்பட்டம் அடித்ததில்லை. அவர் அப்படியா? சரக்குக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிற உத்தியோகம். அங்கே ஒருத்தரும் மதிப்பதில்லை போலிருக்கிறது, கட்டடத்துத் தண்ணீர்க் கமிட்டிக்குச் செயலாளராகி அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார். மாடிப்படி திரும்புகிற இடமெல்லாம் அவர் கையெழுத்தில் நோட்டீஸ். 'ஒரு சொட்டு போனால் உயிர் போனது.' 'உங்கள் குழாய் ஒழுகுகிறதா? உங்கள் மனசாட்சி ஒழுகுகிறது.' ஜனங்கள் அவருக்கு 'சொட்டு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வீட்டுக்குள் இரண்டு சட்டம் போட்டிருந்தார். ஒன்று, சமையலறைத் தொட்டியின் ஓட்டையில் எப்போதும் பழந்துணியை இறுக்கி அடைத்து வைத்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவின தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் நிற்கும். அதை மொண்டு கழிவறைக்கு ஊற்ற வேண்டும். இரண்டாவது, குழாயை அவர்தான் மூடுவார். டெய்லரம்மா ஒரு தரம் இறுக்கித் திருகி வாஷர் பிய்ந்துவிட்டதாம். "உனக்குக் குழாய் மூடத் தெரியாது, கை வைக்காதே" என்று அன்றைக்குச் சொன்னவர்தான். அவள் திறப்பாள், அவர் வந்து மூடுவார். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் மூடிக்கொள்ள அனுமதி உண்டு. சாயங்காலம் வந்ததும் ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்து, அரைத் திருகு திருகி, "ம்ஹும்" என்று தலையை ஆட்டிக்கொள்வார்.

இது போதாதென்று மொட்டை மாடியில் தங்கள் வீட்டுக்கு இறங்குகிற பைப்பின் வால்வுக்குச் சங்கிலி சுற்றிப் பூட்டும் போட்டிருந்தார். எவனோ விளையாட்டுக்கு ஒரு நாள் மூடிவிட்டானாம். வீட்டுச் சாவி, வால்வுச் சாவி இரண்டும் ஒரே வளையத்தில் அவர் சட்டைப் பையில் கிடக்கும். மாற்றுச் சாவியை யாரிடமும் கொடுத்து வைக்க மாட்டார். கொடுத்தால் உள்ளே புகுந்து தண்ணீர் பிடித்துவிடுவார்களாம்!

மகள் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டாள். கடற்கரை நகரம் ஒன்றில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. "ரெண்டு நாள் லீவு போடறேன், வந்து தங்கிட்டுப் போங்க" என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டெய்லரம்மாவுக்குக் கடல் என்றால் ஒரே ஓர் ஆசை. கழுத்து வரைக்கும் இறங்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒரு மண்ணும் வேண்டாம். லீவுக்குப் போய் வருகிறவர்கள் உடுப்புகளைச் சரிசெய்யக் கொண்டுவந்து போடுவார்கள். கால் மடிப்பைப் பிரித்தால் பொலபொலவென்று மணல் கொட்டும். எவள் எவள் காலிலோ ஒட்டின கடற்கரை மணலை எத்தனை வருஷம் மெஷின் மேஜையிலிருந்து கூட்டி அள்ளியிருப்பாள்! ஒரு நாள் எரிச்சல் வந்து, கெட்டித் துணியில் முழுக்கை வைத்து, விளிம்புக்கு இரட்டைத் தையல் போட்டு, அலையில் மேலே எழும்பாத மாதிரி ஓர் உடுப்பு தைத்தாள். தன் அளவுக்கு. "யாருது இது?" என்று கேட்டவரிடம், "கஸ்டமர்" என்றாள். அது மூன்று வருஷமாக உறை போட்டு அலமாரியில் கிடந்தது.

இந்த வருஷம் எப்படியோ மகளிடம் போய் வர அவர் சரி என்றுவிட்டார். கிளம்புகிற அன்று பார்த்துக் கட்டடத்து மோட்டார் எரிந்து போய்க் கிடந்தது. மாடித் தொட்டி காலி. காலையில் அவர் சமையலறைக் குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று வந்தது. காதை வைத்துக் கேட்டார். "வரல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பையை எடுக்கப் போனார். படியில் கீழ்வீட்டு டீச்சர் நின்று, மோட்டாரைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது. வழக்கமாக வீட்டை விட்டுக் கிளம்பும்போது குழாய்களை ஒரு சுற்று பார்க்கிறவர், அன்றைக்கு அங்கே நின்றபடியே, "பஸ் போயிடும், பூட்டிட்டு வா!" என்று கத்தினார்.

டெய்லரம்மா சமையலறையை எட்டிப் பார்த்தாள். குழாய்ப் பிடி திறந்த வாக்கில் இருந்தது. கை தானாக நீண்டது. பிறகு, நமக்கெதற்கு வம்பு, தொட்டால் அதற்கும் ஒரு பாட்டு பாடுவார் என்று கையை இழுத்துக்கொண்டாள். பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போது ஒரு தரம் ஞாபகம் வந்தது. மோட்டார்தான் எரிந்து கிடக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மகளுடைய அறைக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றின கையோடு மனுஷன் ஆய்வுக்குக் கிளம்பிவிட்டார். கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கி, ஒரு பாட்டிலில் வாசல் மணலை நிரப்பி உள்ளே இறக்கினார். "ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மகள் பாட்டிலை வெளியே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மகள் குளிக்கப் போனாள். டெய்லரம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே மக் மக்காகத் தண்ணீர் விழுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

"வெளியில யாரு? அப்பாவா, அம்மாவா?"

"நான்தாண்டி."

"எண்ணுறியா?"

"சேச்சே. எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

"எண்ணாதம்மா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

டெய்லரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஏனென்றால் அவள் பத்தொன்பதில் இருந்தாள். வாய் அசையாமல், தனக்கே தெரியாமல், பத்தொன்பது! இத்தனை வருஷம் அந்த ஆளைத்தான் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணிக்கை தன் மண்டைக்குள்ளும் வந்து குடித்தனம் வைத்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது அவளுக்கு. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கடற்கரை என்றால் சாதாரணக் கடற்கரை இல்லை. நடைபாதை நெடுகப் பலூன்காரர்கள், பந்து விளையாடுகிறவர்கள், பாட்டுச் சத்தம், மணலில் உருளுகிற பிள்ளைகள், நனைந்த தலையோடு ஐஸ் தின்றுகொண்டு போகிற கிழவர்கள். எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு. வந்து இறங்கின முதல் நாள் சாயங்காலமே டெய்லரம்மாவுக்கு உடம்பு பரபரத்தது. ஆனால் சொட்டு சார் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலை மட்டும் நனைச்சுக்கோ. கணுக்கால் வரைக்கும் போதும்."

"முழுசா இறங்கணுங்க. அதுக்குத்தான வந்தோம்?"

"உப்பு போகணும்னா முப்பது மக். மண்ணு போகணும்னா இன்னும் பத்து. ஒரு சாயங்காலத்துல நாப்பது மக்கா? உனக்கு மூணு நாள் குளியல் அது!"

"என் வீட்டுல தண்ணி வருதுப்பா" என்றாள் மகள்.

"வருதுங்கிறதுக்காக?" என்று அவர் ஆரம்பித்துவிட்டார். இவரோடு யார் மல்லுக்கட்டுவது? கணுக்காலை நனைத்துக்கொண்டு டெய்லரம்மா திரும்பினாள். அந்தக் கணுக்காலையும் நாலே மக்கில் கழுவ வைத்தார்.

இரண்டாம் நாள்தான் கடைசி நாள். மறுநாள் விடிந்ததும் ஊருக்குப் பஸ். டெய்லரம்மா ஒரு முடிவோடு அந்த உடுப்பைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நல்ல வேளையாக, கடற்கரையில் அவருக்கு வேறு ஒரு வேலை கிடைத்திருந்தது. மணல் முடிகிற இடத்தில் வரிசையாகத் தூண்கள் நட்டு வைத்திருந்தார்கள். தூணிலுள்ள பித்தானை அழுத்தினால் மேலிருந்து நல்ல தண்ணீர் பூவாகக் கொட்டும், கடலில் குளித்தவர்கள் உப்பைக் கழுவிக்கொண்டு போகலாம். அதைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நேரே போய் ஒரு தூணுக்குப் பக்கத்தில் காவல் நின்றார். பித்தானை அழுத்துகிறவனையெல்லாம், "ஒரு தடவைதான், ஒரு தடவைதான்" என்று விரட்டினார்.

தொப்பையும் தொந்தியுமாக ஒருத்தர் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். "அண்ணே, இன்னும் கொஞ்சம் வேகமா விடக் கூடாதா?"

"நான் இங்க வேலை பாக்கிற ஆள் இல்ல."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

அடுத்து வந்த அம்மாள் தன் கைப்பையை அவர் கையில் திணித்து, "கொஞ்சம் பிடிச்சிக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் ஆற அமரக் குளிப்பாட்டினாள். அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்திலிருந்து பார்த்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று தோன்றியது.

"நீ போம்மா, இதான் சமயம்" என்றாள் மகள். டெய்லரம்மா உடை மாற்றும் அறைக்குள் போய் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். கச்சிதமாக இருந்தது. மூன்று வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தும் தாங்கியது. தையல் அப்படி! முதல் அலை முழங்காலைத் தொடுவதற்கும், "ஏய்! நில்லு!" என்று பின்னாலிருந்து சத்தம் வருவதற்கும் சரியாக இருந்தது.

சொட்டு சார் கையில் போனோடு மணலில் தடுக்கித் தடுக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "கிளம்பு! வீட்டுல தண்ணி!" என்றார். போனில் கீழ்வீட்டு டீச்சரின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"மத்தியானம்தான் மோட்டாரைச் சரி பண்ணித் தொட்டிய ரொப்பினாங்க, சொட்டு சார்... இல்ல, சார். ஒரு மணி நேரத்துல அத்தனையும் உங்க வீட்டு வழியா இறங்கிடுச்சு. படியெல்லாம் அருவி. என் மெத்தை நனைஞ்சு போச்சு. கட்டடத்துல ஒருத்தருக்கும் ஒரு சொட்டு இல்ல. மறுபடியும் ரொப்பலாம்னா வால்வ மூட முடியல, நீங்க பூட்டு போட்டு வச்சிருக்கீங்க. சாவி எங்க?"

சாவி எங்கே இருக்கும்? அவர் சட்டைப் பையில்தான், கடற்கரையில். குழாய் திறந்து கிடந்திருக்கிறது. சமையலறைத் தொட்டியின் ஓட்டையில் துணி அடைத்திருக்கிறது. சாக்கடைக்கு ஒரு சொட்டும் போகவிடாமல் தண்ணீர் பூராவையும் வீட்டுக்குள்ளேயே மிச்சம் பிடித்து வைத்துவிட்டார், மகானுபாவர்!

"நாங்க உடனே வர்றோம். ஆறு மணி நேரத்துல வந்துடுவோம். பூட்டைத் தொடாதீங்க, புதுப் பூட்டு" என்றார் போனில்.

டெய்லரம்மா கையை நீட்டிப் போனைப் பிடுங்கினாள். "டீச்சர், நான்தான் பேசுறேன். வால்வுப் பூட்டை உடைங்க. வீட்டுப் பூட்டையும் உடைச்சுக் குழாய மூடுங்க. நான் சொல்றேன், உடைங்க. உங்க மெத்தைக்கு நான் வந்து புதுசா உறை தச்சுத் தர்றேன். மன்னிச்சுக்குங்க." வைத்துவிட்டாள்.

சொட்டு சார் விரலை நீட்டினார். "எல்லாம் உன்னாலதான். கடைசியா வீட்டுக்குள்ள இருந்தது யாரு? குழாயப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். திறந்துதான் இருந்துச்சு. நீங்கதான் திறந்தீங்க."

"பாத்தவ மூடறதுக்கென்ன?"

"குழாய் மூடற உத்தியோகம் உங்களோடதாச்சே. கை வைக்காதேன்னு சொன்னீங்க, வைக்கல. டீச்சரை நெனச்சாதான் எனக்கு சங்கடமா இருக்கு. உங்களை நெனச்சு எனக்கு ஒண்ணுமில்ல."

பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, அத அப்புறம் பேசிக்கலாம். துணிய மாத்து. ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சாகணும்."

"அதான் பூட்டை உடைச்சு மூடிடுவாங்களே. எதுக்குப் போகணும்?"

"கண்டவன் நின்னு என் வீட்டைப் பாப்பான். கமிட்டியில என் மானம் போயிடும். அதோட வீடு பூரா தண்ணி நிக்குது, யாரு அள்ளுறது?"

அப்படிச் சொல்லு! இதற்குத்தான் அவள் வேண்டுமாம். டெய்லரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். எடை மேடையில் லாரி வந்து நின்றால் அவர் இப்படித்தான் பார்ப்பார் போலும்.

"நீங்க அள்ளுங்க. மக் அங்கதான் இருக்கு. எண்ணிக்கிட்டே அள்ளுங்க."

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். அவருக்குக் காது மடல் சிவந்தது.

"அப்ப நீ வரல?"

"நான் இன்னும் குளிக்கல."

"அவ்வளவு தூரம் ஆயிடுச்சா? அப்ப என்னைத் தலைமுழுகிடலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. டெய்லரம்மா கூந்தல் முடிச்சை அவிழ்த்து விட்டாள்.

"தலைமுழுகறதுக்குப் பன்னெண்டு மக் பத்தாதுங்க. அதான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் சிரிப்பாள், விளையாட்டுக்குச் சொன்னேன் என்பாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றாள். பிறகு அவர் மணலைத் தட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். போகிற வழியில் ஒரு குழாய்த் தூணில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நின்று பித்தானை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்.

டெய்லரம்மா இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. தண்ணீர் நினைத்ததைவிடக் கதகதப்பாக இருந்தது. உடுப்பு மேலே எழும்பவில்லை. கழுத்து வரைக்கும் வந்ததும் நின்றாள். முதல் அலை தலைக்கு மேல் போயிற்று. உப்பு மூக்கில் ஏறியது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தபோதுதான் கவனித்தாள், எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று. நாலு. அந்த ஆள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயாயிற்று, ஆனாலும் காதுக்குள் நின்று எண்ணுகிறாரே! சீ, என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏழு. எட்டு. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு.

பன்னிரண்டில் அவள் உடம்பு தானாக விறைத்தது. கதவு தட்டப்படும் என்று தோள் இரண்டும் ஒடுங்கின. அப்படியே நின்றாள். தட்டவில்லை. அடுத்த அலை இடப்பக்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து அவளைப் புரட்டிப் போட்டது. எழுவதற்குள் இன்னொன்று, அதன் மேலேயே இன்னொன்று. எது எத்தனையாவது என்று எந்த மகராசனுக்குத் தெரியும்? வாயில் போன உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, யாரோ கிச்சுகிச்சு மூட்டின மாதிரி சத்தமாகச் சிரித்தாள். கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அது கடலோடு போயிற்று.

கரையிலிருந்து மகள் கைகளைக் குவித்துக் கத்தினாள். "அம்மா! முக்கா மணி நேரம் ஆச்சு!"

டெய்லரம்மா தலையை மட்டும் வெளியே நீட்டித் திருப்பிக் கத்தினாள்.

"எண்ணாதேடி!"